மூன்று சுருளும் ஒரே கவசத்துக்கு: ஷட்டர்டு பிக்சல் டஞ்சன் விளையாட்டுக் குறிப்பு

ஷட்டர்டு பிக்சல் டஞ்சன், நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கிப் போகும் ஒரு விளையாட்டு. முதல் ஐந்து தளங்களில் அது உறுதியாகத் தருபவற்றில் முக்கியமானவை, பொருளை மேம்படுத்தும் மூன்று அப்கிரேடு சுருள்களும் இரண்டு வலிமை மருந்துகளும். மற்றதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். செத்தால் மறுபடி முதல் தளம் என்பதால், இந்த ஐந்தையும் எங்கே போடுகிறோம் என்பதில்தான் மீதி ஆட்டமே இருக்கிறது.

2012இல் வந்த பிக்சல் டஞ்சனின் மூல நிரலை எடுத்து, ஈவன் டெபன்ஹாம் 2014இல் தொடங்கிய வடிவம் இது. இணையம் இல்லாமலே ஓடும். கேரளத்துப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போகும் எனக்கு பஸ்ஸில் இதுதான் துணை.

ஆழியாற்றிலிருந்து எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்கு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். கடைமடைக்கு வரும்போது வாய்க்கால் மெலிந்துவிடும். அப்பா அதை எல்லா வயலுக்கும் பங்கிட மாட்டார்; ஒரு வயலை முழுக்க நனைத்து அதில் விளைச்சல் பார்ப்பார். சுருள்களையும் நான் அப்படித்தான் செலவழிக்கிறேன். வாளுக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று என்று பிரித்தால் எதுவும் உருப்படாது.

இந்த முறை போர்வீரனை எடுத்தேன். அவனிடம் ஓர் உடைந்த முத்திரை உண்டு. அதைக் கழற்றி வேறு கவசத்தில் பொருத்தினால் பழைய கவசத்தின் ஒரு அப்கிரேடும் கூடவே புதியதற்கு வந்துவிடும். ஆகவே முதல் சுருளைத் தயங்காமல் துணிக் கவசத்திலேயே போட்டேன். மூன்றாம் தளத்தில் சாபமில்லாத சங்கிலிக் கவசம் ஒன்று கிடைத்தது. அதற்கு வலிமை 14 வேண்டும். போர்வீரனுக்குத் தொடக்கத்தில் 10தான். முத்திரையை மாற்றி, மீதி இரண்டு சுருளையும் அதிலேயே படித்தேன். மூன்று அப்கிரேடில் கவசம் கேட்கும் வலிமை இரண்டு குறைந்து 12 ஆகிறது. இரண்டு மருந்தையும் குடித்ததும் இவனுக்கும் 12. கணக்கு நூலிழை பிசகாமல் பொருந்தியபோது பஸ்ஸிலேயே கைதட்டத் தோன்றியது.

பெயர் தெரியாத சுருளைப் படிக்கும் முன் எந்தப் பொருளை மேம்படுத்துவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. அது அப்கிரேடாக இருந்தால் அந்த இடத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று மூடினால் சுருள் வீணாகிவிடும்.

பெயர் தெரியாத மருந்துக் குப்பிகளில் இன்னும் கவனம் தேவை. மரத்தடுப்பு போட்டு அடைத்த அறை ஒரு தளத்தில் இருந்தால், அதை எரிக்கத் தீ மருந்து அதே தளத்தில் எங்காவது கிடக்கும். பிரானா மீன் குளம் இருந்தால் மறைவு மருந்து கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அதைக் குடிக்காதீர்கள். இந்தத் தளத்தில் மரத்தடுப்பு இருக்கிறது" என்றான். குப்பியைத் தடுப்பின் மேல் எறிந்தேன். தீ பிடித்தது, அறையும் திறந்தது. பன்னிரண்டு வயதில் இந்தக் கூர்மை! எனக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பாட்டுக்கு ஒரே விதி: பசி என்று திரையில் வரும்வரை உண்பதில்லை. முன்பே உண்டால் ஒரு பகுதி வீண்.

முதல் ஐந்து தளங்கள் சாக்கடை; அங்குள்ள பாம்புகள் அடிக்கு நழுவிக்கொண்டே இருக்கும். துரத்திச் சண்டை போட்டால் உயிர்தான் கரையும். கதவுக்கு இந்தப் பக்கம், அதன் பார்வையில் படாமல் ஒதுங்கி நின்று, அது கதவைத் தாண்டி வந்ததும் அடித்தால் தப்பாது. மருந்தும் மிச்சம். உயிரைக் கொஞ்சம் கூட்டும் பனித்துளிகளையும் இப்படியே சேமித்தேன். தோல்பையில் இருபது துளி நிறைந்தால், அதைக் குடித்து உயிரை முழுதாக நிரப்பிக்கொள்ளலாம்.

ஐந்தாம் தளத்துக் கூ என்ற பிசின் பூதத்துக்கு அந்தப் பையோடுதான் இறங்கினேன். தண்ணீரில் நின்றால் அதன் காயம் ஆறிவிடும். எனவே உலர்ந்த தரைக்கு இழுத்து வந்து அடித்தேன். அது உப்பிப் பெருகும்போதெல்லாம் விலகி ஓடினேன். பை பாதி காலியானதோடு சண்டை முடிந்தது.

இப்போது ஆறாம் தளத்துக் கடையில் நிற்கிறேன். கையில் இருக்கும் பொன்னுக்கு ஒன்றுதான் வாங்க முடியும்: குணமாக்கும் மருந்தா, சாப்பாடா? பையில் உணவு ஒன்று மீதி இருப்பதால் மருந்தை வாங்கப் போகிறேன்.