வடலூர் போகும் வழியில் மூடிய கண்

பண்ருட்டி தாண்டியதும் வெயில் இடப்பக்க ஜன்னல் வழியாக நேரே முகத்தில் அடித்தது. தைப்பூசம். வடலூரில் பத்து மணி ஜோதி தரிசனத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கண்ணை மூடி ‘அருட்பெருஞ்ஜோதி’ சொல்லிக்கொண்டிருந்தேன். சாலையோர மரங்கள் வெயிலை மறைத்தும் விட்டும் ஓடின. இமைக்குள் முதலில் வெறும் செம்மை. அப்புறம் அதில் கட்டங்கள் முளைத்தன. அவை சுழன்று தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக விரிய, ஓரங்களில் நீலமும் பச்சையும் ஓடின. பஸ் வேகம் குறைந்ததும் எல்லாம் கலைந்தது. வேகமெடுத்ததும் திரும்ப வந்தது.

பக்கத்தில் வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்த பெரியவரிடம் சொன்னேன். “பெருமான் பஸ்லயே காட்சி குடுத்துட்டாரா தம்பி?” என்று சிரித்தார். மறுத்துப் பேச மனம் வரவில்லை.

ஆனால் அது மூளையின் வேலைதான். மூடிய இமை ஒளியை முழுதாகத் தடுப்பதில்லை. சிவப்பு நிறம் நிறையவே உள்ளே வரும். அந்த ஒளி நொடிக்குப் பத்து முறை போல விட்டுவிட்டு அடித்தால், மூளையின் பார்வைப் பகுதி தானாகவே வடிவங்களை உண்டாக்கிக்கொள்கிறது. மூளையில் எழும் ஆல்பா அலைகள் என்ற மின்னலைகளின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான், நொடிக்கு 8 முதல் 13. செக் அறிஞர் புர்கின்யே, சூரியனுக்கு நேரே கண்ணை மூடி, முகத்தெதிரே விரல்களை ஆட்டிப் பார்த்த கட்டங்களை 1819இல் எழுதிவைத்தார். 1958 டிசம்பரில் பிரான்சில் மார்செய் அருகே, பிரயன் கைசின் என்ற ஓவியருக்கும் பஸ்ஸில், மரவரிசையால்தான் இது நடந்தது. (வலிப்பு உள்ளவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம். விட்டுவிட்டு அடிக்கும் ஒளி சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும்.)

இதைக் குண்டலினி, மூன்றாம் கண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பஸ் நின்றால் நின்றுபோகிற காட்சி அது.

வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் திறந்த கண்ணோடுதான் தரிசனம். மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலகும், தைப்பூசத்தில் ஏழும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். ஒவ்வொன்றாக விலக விலகக் கூட்டத்தின் குரல் ஏறியது. முன்னால் நின்றவர் தோளுக்கு மேலே எம்பிப் பார்த்தேன். சில நொடிகள்தான் கிடைத்தன. இமைக்கக்கூட மனமில்லை. ஜோதி ஆடாமல் எரிந்தது. தொண்டை அடைத்து, கன்னம் நனைந்த பிறகுதான் அழுவதே தெரிந்தது. இதற்குக் காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் தருமசாலைப் பந்தி. 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. வள்ளலார் கடைசியாகப் புகுந்து கதவடைத்த அறை மேட்டுக்குப்பத்தில் இருக்கிறது. பெரியவர் இரண்டு நாள் கழித்து நடக்கும் அந்தத் திருவறை தரிசனம் வரைக்கும் தங்கப் போவதாகச் சொன்னார். எனக்கு லீவு இல்லை.