பெரியப்பாவின் கேஸ் ட்ரபுள்

நேற்று மதியம் குடும்ப குரூப்பில் பெரியப்பா தட்டியது இதுதான்: "கேஸ் ட்ரபுள் சின்ஸ் மார்னிங். வெரி ட்ரபுள்."

மான்செஸ்டரில் பிறந்து வளர்ந்த பேரன் பல் விளக்கிக்கொண்டே படித்திருக்கிறான். அவன் ஊரில் கேஸ் என்றால் அடுப்பில் எரிவது. வயிற்றில் ஓடுவதற்கு அங்கே 'விண்ட்' என்றுதான் சொல்வார்கள், அப்பத்தா 'வாய்வு' என்றதைப் போலவே. அதை கேஸ் என்பது அமெரிக்கர்கள். நம்ம ஊர் யாரிடம் ஆங்கிலம் படித்ததோ, இதில் மட்டும் அமெரிக்கா பக்கம் சாய்ந்துவிட்டது.

பேரன் எதிர்வீட்டுக்குப் போன் அடிக்க, எதிர்வீட்டு மாமா பறந்து வந்து முதல் வேலையாக வீட்டுக்குள் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். நிஜமாகவே கசிந்திருந்தால் அந்த ஒரு பொறி போதும், மாமாவும் சேர்ந்து பறந்திருப்பார். சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் ஜன்னலோடு வாசல் கதவையும் திறந்து வைக்க வேண்டும். வெளியே வந்தபிறகுதான் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன். மாமா ஜன்னலை மட்டும் திறந்தார். பெரியம்மாவின் துவரம்பருப்பு மூன்றாவது விசிலுக்கு முன்னால் நின்றுபோனது. பெரியப்பா சோபாவில் படுத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

'ஹார்ட் ட்ரபுள்', 'எஞ்சின் ட்ரபுள்' எல்லாம் வெள்ளைக்காரனே சொல்வதுதான். ஆனால் 'வெரி ட்ரபுள்' கிடையாது; 'வெரி'க்குப் பின்னால் அது நிற்காது, 'லாட் ஆஃப் ட்ரபுள்' என்று வேண்டும். 'ப்ராப்ளம்' என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். வயிற்று ட்ரபுளை எண்ண முடியாது. தூக்கம் வரவில்லையா, 'ட்ரபுள் ஸ்லீப்பிங்'. நடுவில் 'டு' போடக்கூடாது. பழைய ஆங்கிலக் கதைகளில் ஒரு பெண்ணை எவனாவது 'ட்ரபுளில் மாட்டிவிட்டான்' என்று வந்தால், அவள் கல்யாணத்துக்கு முன்பே முழுகாமல் இருக்கிறாள். பெரியப்பாவை அந்தப் பக்கமெல்லாம் விடக்கூடாது.

இனிமேல் குரூப்பில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று பெரியம்மா உத்தரவு போட்டாயிற்று. பெரியப்பாவும் இன்று காலை அடக்கமாகத் தமிழில் தட்டினார். போன் தானாகத் திருத்தி, "ராத்திரியிலிருந்து வாய்ப்பு அதிகம்" என்று அனுப்பிவிட்டது. இதுவரை நாலு பேர் வாழ்த்து சொல்லியிருக்கிறார்கள்.