கிளினிக் நாளில் எழுத்து வேலை குறைந்த விதம்

ஹட்டன் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலையில் டொக்டராக இருக்கிறேன். கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும்தான் அதிகம். முன்பு ஒரே மருந்தை நோயாளியின் கொப்பியில், மருந்துத் துண்டில், பதிவேட்டில் என்று மூன்று இடத்தில் எழுதுவேன். சீனி உள்ளவரின் பாதத்தில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. மழையில் மலையேறிக் கொழுந்து எடுப்பவருக்கு அதைவிட முக்கியமான சோதனை எது?

"டொக்டரம்மா, வெள்ளனா அனுப்பிருங்க, அரைப்பேராவது கெடைக்கும்" என்று ஓர் அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

அப்புறம் கணினி வந்தது. ஆனால் பதிவேடு போகவில்லை. கணினியிலும் அடித்து, கொப்பியிலும் எழுதி, வேலை இன்னும் கூடியது. அதனால் பொறுப்பதிகாரியிடம் இரண்டு விஷயம் கேட்டோம். பெயர், விலாசப் பதிவை முன்மேசையில் அபிவிருத்தி உத்தியோகத்தர் பார்க்க வேண்டும். பதிவேட்டை நிறுத்த வேண்டும். முதலாவது சுலபமாக நடந்தது. இரண்டாவதற்கு, "ஓடிட் வந்தால் எதைக் காட்டுவது?" என்ற பயம் எல்லோருக்கும். கணினியிலிருந்து அச்சிட்டுக் கையொப்பமிடும் அன்றாடப் பட்டியலே போதும் என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் வாங்கிய பிறகுதான் பதிவேட்டை மூடினார்கள். இப்படிச் செய்ய நினைப்பவர்கள் அந்தக் கடிதத்தை முதலிலேயே கேளுங்கள்.

இன்னொரு சிக்கல் பெயர். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கொப்பியில் வேறு மாதிரி இருக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக உள்ள சுகாதார இலக்கத்தின் பார்கோட்டைக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டினோம். ஸ்கேன் செய்தால் போன மாத மருந்து திரையில் வரும். சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் அளவு மாறினால் அதை மட்டும் மாற்றுவேன். கரண்ட் போகும் நாளுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதைப் பிறகு உத்தியோகத்தர் ஏற்றிவிடுவார்.

இப்போது செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை பார்க்கிறேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அது அவசியமான வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வார்டில் நோயாளியின் விபரம் எழுதும் டிக்கெட்டில் இருக்கும் விலாசத்தையே படிவத்தில் திரும்பக் கையால் எழுதுகிறோம். கிளினிக்குக்கு வந்ததற்குத் தோட்ட ஒபீஸ் கேட்கும் துண்டும் அப்படித்தான். கொப்பியில் குத்தும் திகதி முத்திரையையே ஏற்றுக்கொள்ளலாமே. அடுத்ததாகத் தோட்டத் துரைமாரிடம் இதைத்தான் கேட்கப் போகிறோம்.