"நாற்காலி எங்கே சார் இருக்கு?"

அந்தத் தம்பி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நாற்காலி எங்கே சார் இருக்கு? காட்டுங்க, பார்த்து வரைஞ்சிடறேன்." குரலில் குத்தல் எதுவும் இல்லை. கண்ணால் பார்க்காததை அவன் வரைய மாட்டான். அதனால் கேட்டான். எனக்குத்தான் இன்னும் அந்தக் கேள்வி காதிலிருந்து போகவில்லை.

கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி இருப்பதால், அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஊருக்குப் புதிதில்லை. கோபுரம், மகாமகக் குளம், காவிரிப் படித்துறை என்று வரைவார்கள். நான் சூப்பர்வைசராக இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் வரைய வேண்டும் என்று வந்து நின்றவன் இவன் ஒருவன்தான். முதலாளியிடம் நான்தான் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தேன். கூட்டமில்லாத மதிய நேரம் மட்டும், போனில் படம் எடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் முகம் அடையாளம் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

ட்ராலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடிக்கும் குழந்தை, ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் மஞ்சளும் காதோலை கருகமணியும் கூடையில் போடும் பெண்கள் என்று நிறைய வரைந்தான். எனக்குப் பிடித்தது அரிசிப் படம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், உதிரி அரிசித் தொட்டியிலிருந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடிக்கிறார், பழசா புதுசா என்று பார்க்க. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, வீட்டுக்கு அரிசியை எங்களிடம் வாங்கும் ஆட்கள் இங்கே எத்தனையோ பேர். பதினோரு வருடமாக நான் தினமும் பார்க்கும் காட்சி. அவன் வரைந்த பிறகுதான் அந்தத் தாடையை நான் கவனித்தேன்.

இதை எல்லாம் யார் வரைவார்கள் என்று ஒருநாள் கேட்டேன். பிரெண்டன் ஓ'கானெல் என்ற அமெரிக்க ஓவியர் வால்மார்ட் கடைகளுக்குள் சாமான் வாங்குகிறவர்களை வருடக்கணக்கில் வரைந்திருக்கிறாராம். ஆரம்பத்தில் போட்டோ எடுத்ததற்காகக் கடைக்காரர்கள் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு படத்தைப் போனில் காட்டினான். பிரான்ஸில் எதுவார் மனே 1882-இல் முடித்த ஓவியம். மதுக்கூடக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண், பளிங்குப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறாள். உண்மையிலேயே அங்கே வேலை பார்த்த பெண்ணை வைத்துத்தான் வரைந்தாராம். பாட்டில்கள் அத்தனை பளபளப்பு. அவள் கண்ணில் மட்டும் களைப்பு.

அதைப் பார்த்துத்தான் நம் பில் கவுண்டரையும் வரைய ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன். எங்கள் கேஷியர் பெண் ஒரு கையில் ஸ்கேனரைப் பிடித்திருக்கிறாள். கவுண்டருக்குக் கீழே, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத பக்கம், வலது காலைச் செருப்பிலிருந்து உருவி இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். செருப்பின் வார் கருப்பு நூலால் தைத்திருக்கிறது. நூலைக்கூட விடவில்லை அவன்.

மறுநாள் முதலாளி படங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. நன்றாக இருந்தால் ஒன்றை வாங்கி மாடியில் மாட்டலாம் என்றும் சொல்லியிருந்தார். நான் தம்பியிடம், "எல்லாம் நல்லாருக்கு. அந்தப் பொண்ணு பின்னாடி ஒரு நாற்காலி மட்டும் போட்டுடேன்" என்றேன்.

ஏன் சொன்னேன்? 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பது அது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் நாற்காலி உண்டு. குடோனில் இருந்தது, மேலே மூன்று அட்டைப்பெட்டி சோப்போடு. மாடியில் படத்தை மாட்டி, யாராவது பார்த்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஒரு சூப்பர்வைசர் அந்த அளவுக்கு யோசிப்பது தப்பா? தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் காலைப் படத்தில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது இந்த யோசனை. அதுதான் உறுத்துகிறது.

அவன் நாற்காலி எங்கே என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. கவுண்டரிலிருந்து அந்தப் பெண்ணே சொன்னாள்: "அது வேணாம் தம்பி. அதுல உட்கார்ந்தா எனக்குக் கை எட்டாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லண்ணே?" என்றாள். நான் "ஆமாம்மா" என்றேன்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று அன்றைக்கு நினைத்தேன். ராத்திரி கடை அடைத்த பிறகு பெட்டிகளை இறக்கிவிட்டு, நாற்காலியைக் கவுண்டருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பலகை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. ஸ்கேனரை எடுக்க எழுந்திருக்க வேண்டியிருந்தது. அவள் சொன்னது உண்மைதான். அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது: எட்டாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, எப்போது உட்கார்ந்து பார்த்தாள்? யாரிடமாவது சொன்னாளா? என்னிடம் சொல்லி நான் காதில் வாங்காமல் போயிருப்பேனோ?

முதலாளி அரிசிப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் அறையில் தங்கத் தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதில் லட்சுமி தாமரை மேல் உட்கார்ந்திருக்கிறாள். கவுண்டர் படத்தைத் தம்பி, வரைந்தது வரைந்தபடி, கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டான். நாற்காலி அதில் இல்லை.

கவுண்டருக்கு வேண்டியது உயரமான ஸ்டூல். கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கம்பி வைத்தது. பாத்திரக் கடைத் தெருவிலேயே கிடைக்கிறது, போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். இதைச் சொல்வதற்காக முதலாளி அறைக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாவது முறை தீபாவளி ஸ்டாக் பற்றிக் கேட்டார், பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.