நீர்க்கட்டி என்று சொன்ன பிறகு
என் மகள் பன்னிரண்டு வயதில் பெரியவளானாள். இரண்டரை வருடம் ஆகியும் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா சொன்னதை நம்பி விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராமல் போனதும்தான் பயந்துபோய் ஒரு மருத்துவமனைக்கு ஓடினேன். போனதுமே ஸ்கேன். "ரெண்டு பக்க சினைப்பையிலும் நீர்க்கட்டி, பிசிஓடி" என்று ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது, "கட்டின்னா ஆபரேஷன் பண்ணணுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாத்திரையைத் தொடங்காமல் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அது நல்லதாயிற்று, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரத்தப் பரிசோதனை செய்தால் அளவுகள் சரியாகத் தெரியாதாம். அவர் முதலில் கேட்டது தேதிகளை. பால் கணக்கு எழுதும் காலண்டரில் நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். இடைவெளி 52, 68, 97 நாள். முதல் வருடம் தாறுமாறாக வருவது இயல்பு. அடுத்த இரண்டு வருடங்களில் 45 நாளைத் தாண்டக் கூடாது, அதற்குப் பிறகு 35. முதல் வருடம் கழிந்தபின் ஒரே ஒரு முறை 90 நாளைத் தாண்டினாலும் காட்டிவிட வேண்டும் என்றார்.

ஸ்கேனில் தெரிந்தவை கட்டியே இல்லை, சினைப்பைக்குள் கருமுட்டைகள் வளரும் சின்னச் சின்னப் பைகள். இந்த வயதில் ஆரோக்கியமான பெண்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான் தெரியும். அதனால் பெரியவளாகி எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனையோ ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையையோ வைத்து பிசிஓஎஸ் (பிசிஓடி என்று சொல்லும் அதே ஹார்மோன் கோளாறுதான்) என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். மாதவிலக்குக் கோளாறு, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம், இரண்டும் இருந்தால்தான் அப்படிச் சொல்ல வேண்டும்.

அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். தாடையில் வளர்ந்த முடியை அப்பாவின் ரேசரால் அவள் ரகசியமாக மழித்து வந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடியிருந்தது. தைராய்டு, புரோலாக்டின், காலையில் எடுத்த 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்று மாதவிலக்கைக் குழப்பக்கூடிய மற்ற ஹார்மோன்கள் எல்லாம் சரியாக இருந்தன. வேறு காரணங்கள் இல்லை, பிசிஓஎஸ்தான் என்று அதற்குப் பிறகே சொன்னார்.

75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து சர்க்கரையும் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. அவள் கழுத்துக் கறுப்பைப் பார்த்துத்தான் அதை எழுதினார். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் அப்படிக் கறுக்குமாம். அழுக்கு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். எரிகிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள் குழந்தை.