சித்தப்பா போனில் 13 வைரஸ்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை நீட்டினார். "ஏல தம்பி, இதக் கொஞ்சம் பாரு. வைரஸ் புகுந்துட்டாம்ல. நாலு நாளா அதுபாட்டுக்குக் கத்திக்கிட்டே கெடக்கு."

வாங்கி, மேலேயிருந்து திரையை இழுத்துப் பார்த்தேன். "உங்கள் போனில் 13 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யவும்" என்று ஒன்று. அதற்குக் கீழே பேட்டரி பழுதாகிவிட்டது என்று ஒன்று. அதற்கும் கீழே ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறேன் என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், முகம் தெரியாத ஒரு பெண் "ஹாய், பிஸியா இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தாள். நல்லவேளை, சித்தி பந்தி பரிமாறும் பக்கம் இருந்தார்.

சாம்பார் வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. பேத்திக்குக் காது குத்து வருகிறதென்று தங்கம் விலை பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குள் போயிருக்கிறார். அங்கே, நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அலவ்' பட்டனை அழுத்துங்கள் என்று கேட்டிருக்கிறது. அவர் ரோபோ இல்லை. அழுத்திவிட்டார். அந்தத் தளம் இன்னொன்றுக்குத் தள்ளிவிட, அதுவும் அதையே கேட்க, அங்கேயும் அழுத்தியிருக்கிறார். குரோமின் செட்டிங்ஸுக்குள் போய் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்தால் 31 தளங்கள். கீபோர்டில் பூனை நடந்தால் எப்படி எழுத்து விழுமோ அப்படிப்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றாக அணைத்து முடித்தபோது ரசம் ஆறியிருந்தது.

தளங்கள் இப்படிப் போனுக்குத் தகவல் அனுப்பும் வசதியை 2015-இல் குரோம் கொண்டுவந்தபோது நோக்கம் என்னவோ நல்லதுதான். தளத்தைத் திறந்து வைத்திருக்காவிட்டாலும் மெயில் வந்தால், யாராவது பேசினால், தகவல் வரவேண்டும். ஆனால் கூப்பிட்டுச் சொல்வதற்கு ஒரு வழி கிடைத்தால் முதலில் வந்து நிற்பவன் விற்பவன்தானே. அனுமதி கேட்கும் பெட்டி என்னமோ பிரவுசருடையது, அதை மாற்ற முடியாது; அதற்குப் பின்னால் பக்கத்தில் என்ன பொய் எழுதினாலும் கேட்பாரில்லை. ரோபோ கதை அங்கேதான் நடக்கிறது.

சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 30 வருடத்துக்கு மேல் அரசு பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்துக்கு நடுவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் வாங்கும் நோட்டு கிழிந்து ஒட்டியதா இல்லையா என்று பார்க்காமலே சொல்வார். எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள், எவன் தூங்குவதுபோல் நடிக்கிறான் என்பதெல்லாம் மனதில் இருக்கும். ஏமாற்ற முடியாத ஆள். அப்படிப்பட்டவரையே இத்தனை தடவை ஒரு பட்டனை அழுத்த வைத்துவிட்டார்கள் என்றால் கோளாறு அவரிடம் இல்லை. "பெரியவங்களுக்குப் போன் தெரியாது" என்று நம் தலைமுறை சொல்லிக்கொண்டு திரிவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நானே சாப்ட்வேரில் இருப்பவன், ஒரு பைலை இறக்கப் போய் பக்கத்தில் இருக்கும் நாலு பச்சை டவுன்லோடு பட்டன்களில் எது நிஜம் என்று தெரியாமல் மவுஸை மேலே கொண்டுபோய் முகவரி பார்த்துத்தான் அழுத்துகிறேன்.

விளம்பரம் என்பதே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். நாம் விளம்பரத்தோடு வளர்ந்தவர்கள். ஊர் எல்லைச் சுவரில் சிமெண்ட் விளம்பரம், இடைவேளையில் தியேட்டர் ஸ்லைடில் ஜவுளிக்கடை, பஸ்ஸின் முதுகில் பல்பொடி. அதெல்லாம் யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது விளம்பரம் என்று தெரியும்படி நின்றது. சிமெண்ட் சுவர் என் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்து வந்து, நேற்று எந்தக் கடையில் செருப்பைத் திருப்பிப் பார்த்தாய் என்று கேட்டதில்லை.

இணையத்திலும் ஆரம்பம் அப்படித்தான் இருந்தது. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற அமெரிக்கத் தளத்தில் ஏடி&டி நிறுவனம் ஒரு நீளப் பட்டை விளம்பரம் போட்டது. இந்த இடத்தில் உங்கள் மவுஸை எப்போதாவது அழுத்தியிருக்கிறீர்களா, அழுத்துவீர்கள் என்கிற மாதிரி வாசகம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அழுத்தினார்களாம். இன்றைக்கு ஒரு பேனர் ஒரு சதவீதத்தைத் தொட்டாலே விளம்பரக்காரர் மொட்டை போடுவார். நம் கண் பழகிவிட்டது, பக்கத்தின் ஓரத்தில் பட்டையாக எது இருந்தாலும் அது கண்ணில் விழுவதே இல்லை. நாம் பார்க்காமல் போகப் போக, அவர்கள் எட்டிப் பிடித்துச் சட்டையை இழுக்க ஆரம்பித்தார்கள்.

பாப்-அப் வந்த கதை எனக்குப் பிடிக்கும். டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மேன் (பேஸ்புக்காரர் இல்லை, இவர் வேறு) எழுதிய நிரல் அது. ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட, கம்பெனி குதித்திருக்கிறது. சரி, பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் திறந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று இவர் செய்துகொடுத்தார். 2014-இல் ஒரு கட்டுரை எழுதி உலகத்திடம் மன்னிப்பும் கேட்டுவிட்டார். கேட்டவரை மன்னித்துவிடலாம். கேட்காதவர்கள்தான் நிறையப் பேர்.

குக்கியும் அதே 1994-தான். அந்தக் காலத்துப் பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மான்டுல்லி, கடைத் தளத்தில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனாலும் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று செய்த சின்னக் குறிப்புச்சீட்டு. விளம்பரக் கம்பெனிகள் தங்கள் சீட்டை எல்லாத் தளங்களிலும் செருகி, நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று கோர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டன. இப்போது நீங்கள் ஒரு செய்தியைத் திறந்தால், அது முழுசாகத் திரைக்கு வருவதற்குள், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் உங்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. இதைச் சித்தப்பாவுக்கு விளக்கினேன். படியில் கால் வைப்பதற்குள் ஆளை ஏலம் விட்டுவிடுகிறார்கள் என்று நான் சொன்னதற்கு, "என்னைய எவன் ஏலத்துல எடுக்கப் போறான்" என்று சிரித்தார். எடுத்திருக்கிறார்கள் சித்தப்பா, 31 பேர்.

பாயாசம் குடிக்கும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. ஏதோ ஒரு தளத்தில் மதுரைக்கு ஆம்னி பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறார். டிக்கெட் விலையோடு இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை, தானமாக ஒரு தொகை, இரண்டும் ஏற்கெனவே டிக் அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவருக்குப் பணம் போனதைவிட அந்த முறைதான் தாங்கவில்லை. "நான் டிக்கெட்டுக்கு மேல ரெண்டு ரூவா வாங்கியிருந்தா செக்கிங்ல ஏறி அன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பான்ல. இவனுக்குச் செக்கிங் கிடையாதா?" என்று கேட்டார்.

செக்கிங் உண்டு, காகிதத்தில். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் இந்தத் தில்லுமுல்லுகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகை (சித்தப்பா போனில் வைரஸும் 13, பொருத்தம் பார்த்த மாதிரி). கேட்காமல் கூடையில் சாமானைச் சேர்ப்பது அதில் ஒன்று. விளம்பரத்தைச் செய்தி போல வேஷம் போட்டுக் காட்டுவது ஒன்று. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது ஒன்று. இரண்டு சீட்தான் பாக்கி என்று மினுங்குமே, அது. வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பதும் பட்டியலில் இருக்கிறது: விமான டிக்கெட்டில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்ற பட்டனை அழுத்தவேண்டும். இதையெல்லாம் அரசாங்கமே உட்கார்ந்து வகை பிரித்து எழுதியிருப்பதைப் படிக்கும்போது ஒரு திருப்தி. ஆனால் பட்டியல் வந்து இவ்வளவு நாளாகியும் எனக்கே வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த டிக்கை எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

இதில் யோக்கியன் மாதிரி நான் பேசிக்கொண்டே போகமுடியாது. நானும் விளம்பரம் போட்டிருக்கிறேன். பத்து வருடம் முன்னால் இதே வலைப்பதிவில்தான். நம் தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் தமிழில் எழுதிக் காசு பார்க்க நினைத்தவர்களுக்கு, எந்த மொழியானாலும் சரி என்று சேர்த்துக்கொள்ளும் சில்லறை நெட்வொர்க்குகள்தான் கதி. அப்படி ஒன்றில் சேர்ந்து அவர்கள் தந்த விளம்பர நிரலைப் பதிவில் ஒட்டினேன். பெயர் வேண்டாம். முதல் மாதம் வந்த கணக்கைப் பார்த்து ஒரு டீ, ஒரு வடை தேறும் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் அம்மாச்சி இறந்தபோது அவரைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி படிக்க வந்தவர்களுக்கு, எங்கே தொட்டாலும் புது ஜன்னல் திறந்து தொப்பை குறைக்கும் பொடி வந்து நின்றிருக்கிறது. எனக்குத் தெரியாது, என் பிரவுசரில் அது வரவில்லை. என் அக்கா போன் செய்து, "என்னடா இது, அம்மாச்சி போட்டோவத் தொட்டா எவளோ வயித்தக் காட்டுறா" என்றாள். அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன். அதில் சேர்ந்திருந்த காசு குறைந்தபட்சத் தொகையைத் தொடாததால் இன்றுவரை வரவில்லை, வராமல் போகட்டும். ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தபோது நம் பதிவர்களில் பாதிப் பேர் பேஸ்புக்குக்குக் குடிபோயிருந்தார்கள். நானும் எழுதுவதையே நிறுத்தியிருந்தேன். முகூர்த்தம் முடிந்தபின் வந்த மேளம்.

அதனால் 'விளம்பரத்தை மறைத்தால் எழுதுபவன் வயிற்றில் அடிப்பதாகாதா' என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. சில சின்னத் தளங்களுக்கு நானே விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் சில தமிழ்ச் செய்தித் தளங்களைத் திறந்து பாருங்கள். கோயிலில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு உபயம் இன்னார், தகப்பனார் இன்னார் என்று வெளிச்சமே வராத அளவுக்கு எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி. நாலு வரிச் செய்தி, வரிக்கு வரி விளம்பரம், கடைசி வரியைப் படிக்க 'மேலும் வாசிக்க', அதை அழுத்தும் நேரத்தில் பக்கம் ஒரு இஞ்ச் கீழே இறங்கி விரல் விளம்பரத்தில் படும். அந்த ஒரு இஞ்ச் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சித்தப்பா போனில் பயர்பாக்ஸ் போட்டு அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தேன். ஏன் குரோம் இல்லை என்று கேட்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போடவே முடியாது. கணினி குரோமிலும் விதிகளை மாற்றி, 2024-இலிருந்து படிப்படியாகப் பழைய யூபிளாக்கை வெளியே அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் உலகத்திலேயே பெரிய விளம்பரக் கம்பெனியான கூகுள்தான் இந்தப் பிரவுசரையும் செய்கிறது என்பதை மறந்துவிட்டு அந்தக் காரணத்தை என்னால் கேட்க முடியவில்லை. பிற தளங்களின் குக்கியை இரண்டு வருடத்தில் ஒழிக்கிறோம் என்று 2020 ஜனவரியில் சொன்னார்கள், தள்ளிப்போட்டார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் வேண்டாம் விடுங்கள் என்றார்கள். ஆப்பிளின் பிரவுசரான சபாரி 2020 மார்ச்சிலேயே அந்தக் குக்கிகளுக்கு முழுசாகக் கதவை மூடிவிட்டது. யூபிளாக்கைச் செய்யும் ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. இது ஏதோ திருட்டு வேலை என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: தேடலில் வரும் போலி விளம்பரங்களில் மக்கள் மாட்டுகிறார்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளச் சொன்னது.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் சித்தப்பா கூப்பிட்டார். போன் இப்போது செத்த மாதிரி அமைதியாக இருக்கிறதாம், சந்தோஷம். ஒரே குறை, அந்தத் தங்கம் விலைத் தளம் "உங்கள் ஆட் பிளாக்கரை அணைத்தால்தான் உள்ளே விடுவோம்" என்கிறதாம்.

"அணைக்காதீங்க சித்தப்பா. வேற தளம் அனுப்புறேன்."

"வேண்டாம்ல. டீக்கடையில பேப்பர் வருதுல்ல, அதுல பாத்துக்கிட்டேன்."

எனக்கு அந்தப் பேப்பர் தெரியும். முதல் பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம், அதைத் திருப்பினால் இன்னொரு நகைக்கடை, தங்கம் விலை உள்ளே எங்கோ தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் இருக்கும். அதைச் சொன்னேன்.

"ஆமா, இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்குத் திருப்பிக்கிட்டுப் போறேன். சரி, கிராமுக்கு இருபது ரூவா எறங்கியிருக்கு, உங்க அக்காகிட்டச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.