வீட்ல கேக் பண்ணி விக்கிறேன், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்த கதை

2022ல நடந்தது இது. மதுரைல வாடகை வீட்லதான் கேக், பிரவுனி பண்ணி தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டு இருந்தேன். வீட்ல பண்றதுக்கு எதுக்கு லைசென்ஸ்னு நினைச்சிட்டேன், ஒரு கடைக்காரர் பிரவுனி வாங்கி வைக்கிறேன்மா ஆனா எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் வேணும்னு சொன்னப்பதான் சின்ன அளவுல வீட்ல பண்ணாலும் பதிவு கட்டாயம்னே தெரிஞ்சது.

ஒரு ஏஜென்ட்ட கேட்டேன், 2500 ஆகும்னார். அப்புறம் நானே ஃபாஸ்காஸ்னு அவங்களோட அப்ளிகேஷன் போர்ட்டல்ல போய் பாத்தா, அப்போ வருஷம் 12 லட்சத்துக்குள்ள வியாபாரம்னா லைசென்ஸே வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் போதும், அதுக்கு வருஷத்துக்கு வெறும் 100 ரூபாதான்! 2 வருஷத்துக்கு 200 கட்டினேன். தயவுசெஞ்சு அப்ளிகேஷனை நீங்களே போடுங்க, போட்டோ, ஐடி, அட்ரஸ் ப்ரூஃப், தண்ணி எங்கருந்து வருதுன்னு சில கேள்வி, அவ்ளோதான். கட்டுறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன எல்லை, என்ன ஃபீஸ்னு போர்ட்டல்லயே பாத்துக்கோங்க.

எனக்கு இடிச்சது அட்ரஸ்தான். ஆதார்ல அம்மா வீட்டு அட்ரஸ், கேக் பண்றது இங்க, அதனால அப்ளிகேஷன் திரும்பி வந்துருச்சு. ஹவுஸ் ஓனர் அக்காகிட்ட போய் வாடகை அக்ரிமெண்ட் காப்பியும் இங்க சமைச்சு விக்க சம்மதம்னு ஒரு லெட்டரும் கேட்டேன், கமர்ஷியல் கரண்ட் பில் வந்துருமோன்னு அவங்களுக்கு பயம், ரெண்டு நாள் யோசிச்சுத்தான் கையெழுத்து போட்டாங்க. அதுக்கப்புறம் 14 இலக்க நம்பர் வந்துச்சு, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆனா நம்பர் வந்ததோட முடியல, டப்பால போட்டு கடைக்கு குடுக்கணும்னா லேபிள் வேணும். உள்ள போட்ட பொருள்ல எது அதிகமோ அதுலருந்து ஆரம்பிச்சு வரிசையா அதோட பேரு, எடை, செஞ்ச தேதி, எக்ஸ்பயரி, பேட்ச் நம்பர், நம்ம அட்ரஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், கோதுமை பால் முட்டை நட்ஸ் இருக்குன்னா அதையும் தனியா சொல்லணும். முக்கியமா முட்டை! முட்டை போட்ட கேக்குக்கு பச்சைப் புள்ளி வைக்கக் கூடாது, சட்டப்படி அது நான்வெஜ், பிரவுன் முக்கோணம்தான். நான் அடிச்ச முதல் 200 ஸ்டிக்கர்லயும் பச்சை, அத்தனையும் கிழிச்சுப் போட்டேன். பக்கத்து தெரு மாமி ஒருத்தங்க முட்டையே தொட மாட்டாங்க, நம்மள நம்பித்தானே வாங்குறாங்க. இப்போ எக்லெஸ்க்கு தனி ட்ரே, தனி பீட்டர், தனி ஸ்டிக்கர் ரோல்னு வச்சிருக்கேன்.